முன்கதையை முதலிற் காணல்

ஒரு கதை பெயர்பெற்ற பின்னர், அதற்கு முன் நிகழ்ந்தவற்றைக் கூறப் பிறிதொரு கதை இயற்றுதல் திரைப்பட உலகிற் பெருவழக்காகிவிட்டது. இதனை முன்கதைப் படம் என்போம். மூலப்படத்தைக் காணாதவர் இதனைக் காண்பதாற் பயனுண்டோ என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த வினா.

டை வெஸ்ட் என்னும் அமெரிக்க இயக்குநரின் ‘எக்ஸ்’, ‘பேர்ல்’ என்னும் இரு படங்களும் 2022இல் வெளிவந்தன. முதிர்ந்தோர் மட்டுமே காணத்தக்க கொடுங்காட்சிகள் உடையவை அவை. முன்னது 1979இல் டெக்சாஸ் மாநிலப் பண்ணையொன்றில் நிகழ்வது. ஆங்குப் படம்பிடிக்கச் சென்றோரைக் கொல்லும் முதிய தம்பதியருள் மனைவியே பேர்ல். பின்னது 1918இல் அவளுடைய இளமையைக் காட்டுவது. கணவன் போர்முனையில் இருக்கின்றான். தந்தை செயலற்றுக் கிடக்கின்றார். அன்னை கடுமையே உருவானவள். வெளியே கொள்ளை நோயாய்ப் பரவும் இன்புளுயன்சாக் காய்ச்சல். திரையில் தோன்றிப் புகழ்பெற விழையும் அவளது வேட்கை நிறைவேறாது கொலையாய் முடிகின்றது.

அச்சம் பிறக்குமிடம் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கென்று தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும். இப்படத்தின் அச்சமோ பெரும்பாலும் ஒருத்தியின் உள்ளத்தினின்றே பிறக்கின்றது. மூலத்தைக் கண்டவர், அவளைக் கொலையாட்டி என்றறிந்தே நோக்குவர். அவள் புன்னகைப்பினும் அஞ்சுவர். காணாதவர்க்கு முதலில் இரக்கம் தோன்றும்; அச்சம் பின்னரே வரும்.

கதைநிகழ்ச்சிகளின் முறைவைப்பு இங்ஙனம் நெஞ்சை மாற்றும் என்பதற்கு நம் மதுரையே சான்று. சிலப்பதிகாரத்திற் கோவலன் வெட்டுண்டு, பாண்டியன் உயிர் துறந்து, நகர் எரியுண்ட பின்னரே, மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு முற்பிறப்பை விரித்துரைக்கின்றது. அப்பிறப்பில் பரதன் என்னும் பெயரினனாய்க் கலிங்க நாட்டில் வாழ்ந்த கோவலன், சங்கமன் என்னும் வணிகனை ஒற்றனெனப் பழிசுமத்திக் கொலைப்படுத்தினான். சங்கமன் மனைவி நீலியின் சாபமே இப்பிறப்பிற் பலித்தது. பதிகம் இதனைச் சுருங்கச் சுட்டினும், கதைப்போக்கில் இது மதுரைக் காண்டத்து இறுதிக்கண்ணே விரிகின்றது. தொடக்கத்திலேயே விரிந்திருப்பின், கோவலன் கொலையை வினைப்பயன் என்று கூறி எளிதிற் கடந்திருப்போம். கண்ணகியின் கண்ணீர் நம்மைச் சுட்டிராது.

ஆகவே, முன்கதையை முதலிற் காண்பவர் இழப்பது, அறிந்த முடிவை எதிர்நோக்கும் நடுக்கம். பெறுவது, பின்னர் ‘எக்ஸ்’ படத்தில் அம்முதியவளைக் காணுங்கால் ஏனையோர்க்கு எளிதில் வாயாத இரக்கம். ஆயினும் இரக்கம் வேறு, தீர்ப்பு வேறு. நீலியின் துயரை அறிந்த பின்னரும் கோவலன் சிலம்பு கவர்ந்த கள்வனாகிவிடான். பேர்லின் துயரை அறிந்த பின்னரும் அவள் செய்த கொலைகள் கொலைகளே. மாணவர்காள், இரண்டனுள் எதனை முதலிற் காணினும் குற்றமில்லை. மற்றதனையும் கண்டு முடிக்குமளவும் தீர்ப்புக் கூறாதிருமின். மாந்தரை அறியும் நெறியும் அதுவே.