வல்லூற்றின் வழக்கு

இயற்கையைப் பற்றி அறிவுரை கூறுதல் இந்நாளில் ஒரு தொழிலாகிவிட்டது. ஓரிடத்தில் சாலையோ குடியிருப்போ அமைக்கப் புகுவோர், ஆங்கு வாழும் உயிர்கள் யாவை, தம் பணியால் அவற்றுக்கு நேரும் கேடு யாது, அதனைத் தவிர்க்கும் வழி யாது என்று வல்லாரை வினவுகின்றனர். அவ்வல்லார் இடத்தை ஆராய்ந்து அறிக்கை எழுதி ஊதியம் பெறுவர். இவரைச் சூழலியல் ஆலோசகர் என்பர். மற்றொரு புறத்தே, ஊதியம் சிறிதும் வேண்டாது, வைகறையில் எழுந்து பறவைகளை எண்ணிக் குறித்துவைக்கும் தொண்டரும் உளர். இவ்விரு திறத்தாரும் ஒருவரையொருவர் எவ்வாறு சார்ந்துள்ளனர் என்பதைப் பிரிட்டனில் நிகழ்ந்த ஒரு வரலாற்றின் வாயிலாக ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

பெரிகிரீன் என்னும் வல்லூறு செங்குத்தான பாறைகளில் முட்டையிடுவது. பறக்கும் பறவைகளை வானிலேயே பாய்ந்து பற்றுவது. பாயுங்கால் மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மிக்க விரைவுடையது. தென்னிந்திய மலைகளிலும் இதன் கிளையினம் ஒன்று வாழ்கின்றது. புறா இதற்கு உவப்பான இரை. அதுவே இப்பறவைக்குப் பகைவரைத் தேடித் தந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, செய்தி கொணரும் புறாக்களைக் காக்கும் பொருட்டு, வல்லூறுகளைக் கொல்லுமாறு 1940-ஆம் ஆண்டு ஆணை பிறந்தது. ஏறத்தாழ 600 பறவைகள் மாண்டன. போர் முடிந்தபின் 1954-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றுக்குக் காவலாயிற்று. ஆயின் 1960-இல் பந்தயப் புறா வளர்ப்போர் அரசினரிடம் முறையிட்டனர். வல்லூறுகள் பெருகிவிட்டன, புறாக்கள் இரையாகின்றன, ஆதலின் சட்டக் காவலை நீக்குதல் வேண்டும் என்பது அவர்தம் வழக்கு.

அரசினர் உடனே தீர்ப்புக் கூறினாரல்லர். அரசுக்கு அறிவுரை கூறும் இயற்கைப் பாதுகாப்புக் கழகத்தார், பறவையாராய்ச்சிக்கென அமைந்த பிரிட்டிஷ் அறநிலையம் ஒன்றனிடம் கணக்கெடுக்கும் பொறுப்பை ஒப்புவித்தனர். அவ்வறநிலையத்தின் வலிமை தொண்டர்களே. கழகத்தைச் சார்ந்த டெரக் ராட்கிளிஃப் என்னும் அறிஞர் முன்னின்று நடத்த, 1961, 1962 ஆகிய ஈராண்டுகளிலும் தொண்டர் பலர் கடலோரப் பாறைகளையும் மலைச் சரிவுகளையும் நாடிச் சென்று, ஒவ்வொரு கூட்டிடத்தையும் நோக்கினர்.

கண்டது யாது? பெருக்கமன்று, பேரழிவே. போருக்கு முந்திய பத்தாண்டுகளில் ஏறத்தாழ 650 இணைகள் வாழ்ந்தன என்று ராட்கிளிஃப் கணித்திருந்தார். 1963-ஆம் ஆண்டளவில் பழைய கூட்டிடங்களுள் பாதிக்கும் குறைவானவற்றிலேயே பறவைகள் இருந்தன. அவற்றுள்ளும் குஞ்சு பொரித்து வளர்த்தவை மிகச் சிலவே. தென் இங்கிலாந்தில் இனமே அற்றுப்போகும் நிலை எய்தியிருந்தது. காவலை நீக்குமாறு கோரிய வழக்கே, காவல் எத்துணை இன்றியமையாதது என்பதை வெளிப்படுத்திற்று.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. வெற்றுப் பாறையைக் காண்பார்க்கு அது வெற்றுப் பாறையே. அதன்கண் தலைமுறை தலைமுறையாக வல்லூறு வாழ்ந்தது என்று முன்னோர் எழுதிவைத்த குறிப்பு கையில் இருந்தமையாலன்றோ, அவ்வெறுமை ஓர் இழப்பு என்று உணரப்பட்டது! முன்னைக் கணக்கு இல்லாவிடத்து இன்னைக் கணக்கு ஊமையாகும்.

இனி அழிவின் காரணம் காண்பாம். 1956-ஐ ஒட்டி, டீல்ட்ரின் முதலிய நஞ்சுகளை விதையில் தடவி விதைக்கும் வழக்கம் பரவிற்று. விதையை உண்ட புறாவின் உடலில் நஞ்சு தங்கிற்று. புறாக்கள் பலவற்றை உண்ட வல்லூற்றின் உடலில் அது திரண்டு கொன்றது. இளவேனில் விதைப்புக்கு அந்நஞ்சுகளைப் பயன்படுத்தாதிருக்க 1962 முதல் உடன்பாடு ஏற்பட்டது.

ஆயினும் ஓர் ஐயம் எஞ்சியது. கூடுகளில் முட்டைகள் உடைந்து கிடப்பதை ராட்கிளிஃப் முன்னரே கண்டிருந்தார். பல சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் எங்கே திரிந்தது என்று காணும் பதிப்பாசிரியரைப் போல, அவர் சேகரிப்பாளரின் பேழைகளில் இருந்த பழைய முட்டையோடுகளையும் புதியவற்றையும் நிறுத்து அளந்து ஒப்பிட்டார். 1947-ஐ ஒட்டி ஓடுகள் திடீரென மெலிந்தமை புலனாயிற்று. மெலிவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. டி.டி.டி. என்னும் பூச்சிக்கொல்லி பொதுவழக்கிற்கு வந்த காலமும் அதுவே. இம்முடிபை அவர் 1967-இல் வெளியிட்டார். அந்நஞ்சு உடலுள் டி.டி.இ. என்னும் பொருளாகத் திரிந்து, ஓட்டுக்கு வேண்டும் சுண்ணச் சத்தைத் தடுக்கின்றது என்பது பின்னர் ஆராய்ச்சியால் தெளிவாயிற்று.

இவ்வரலாறு இன்றைய ஆலோசகர்க்கும் பொருந்துவதே. இங்கிலாந்தில் 2021-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டத்தின்படி, பெருங் கட்டட வேலைகள் அவ்விடத்து உயிர்வளத்தை முன்னிருந்ததினும் 10 விழுக்காடு மிகுவித்தல் வேண்டும் என்னும் கடமை, 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. முன்னிருந்தது எவ்வளவு என்று அளந்து கூறுவோர் ஆலோசகர். அவர்க்கு ஊதியம் தருவோரோ கட்டடம் எழுப்ப விரும்புவோர். கூலி தருவோன் விரும்பும் விடையைக் கூறும் சோதனை ஈண்டு உண்டு என்பதை மறுத்தற்கில்லை. மேலும் ஆலோசகர் ஓரிடத்தில் ஒரு பருவமே தங்குவர். தொண்டரோ அவ்வூரிலேயே பல்லாண்டு வாழ்பவர். அவர் திரட்டிய குறிப்புகள் வட்டாரப் பதிவு நிலையங்களில் வைக்கப்பட்டுள்ளன. ஆலோசகர் களம் புகுமுன் அவற்றைத் தேடிப் பெறுதலே முறை. ஆதலின் தொண்டரின் ஏடு ஆலோசகர்க்கு அடிப்படை. அவர் கூற்றை உரைத்துப் பார்க்கும் கட்டளைக்கல்லும் அதுவே.

எனினும் ஆர்வம் மட்டும் அமையாது. ஓர் இனத்தை மற்றோர் இனமாக மயங்கி எழுதிய குறிப்பால் பயனின்று, கேடே விளையும். எதனை, எங்கே, எம்முறையில் எண்ணுவது என்று வகுத்துத் தர வல்லாரும் வேண்டும். ராட்கிளிஃபின் அறிவும் தொண்டரின் கால்களும் கூடியமையாலன்றோ உண்மை வெளிப்பட்டது!

இத்தொண்டில் புக விரும்பும் மாணவ நண்பர்க்கு இதனால் பெறப்படுவன மூன்று. முதலாவது, நாளும் இடமும் நேரமும் பிழையின்றிக் குறித்தல். இரண்டாவது, ஒன்றும் காணாத நாளில், காணவில்லை என்றே எழுதிவைத்தல். வெற்றுக் கூடுகளின் கணக்கே வல்லூற்றைக் காத்தது என்பதை மறவற்க. மூன்றாவது, இடையில் விடாது தொடர்தல். இன்று எழுதும் குறிப்பின் பயன் முப்பது ஆண்டுகள் கழித்தே விளங்கவும் கூடும்.

2014-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பிரிட்டனிலும் அதனைச் சார்ந்த தீவுகளிலும் 1,700-க்கு மேற்பட்ட வல்லூற்றிணைகள் காணப்பட்டன. அவற்றுள் சில நகரங்களின் உயர்ந்த மாடங்களிலும் தேவாலயக் கோபுரங்களிலும் கூடு கொண்டுள்ளன. அவற்றை எண்ணியவருள்ளும் பெரும்பாலார் தொண்டரே.