சாப்ட்வேர் வாங்கும் முன் இம்பெல்லரை அளந்து பாருங்கள்

கேள்வி: ஐந்து எச்.பி. மோனோபிளாக் பம்ப் தயாரிக்கும் சிறு பட்டறை எங்களுடையது. ஸ்டார் லேபிளுக்கு வேண்டிய திறன் கொஞ்சம் இடிக்கிறது. இதுவரை பேட்டர்னை மாற்றி மாற்றி வார்த்து, டெஸ்ட் பெட்டில் ஏற்றித்தான் பார்த்து வருகிறோம். தண்ணீர் ஓட்டத்தைக் கம்ப்யூட்டரிலேயே கணக்கிடலாம், சி.எஃப்.டி. சாப்ட்வேர் வாங்கலாம் என்கிறான் மகன். லட்சக்கணக்கில் செலவாகும் என்பதால் தயக்கமாக இருக்கிறது. பலன் இருக்குமா?

– வாசகர், கணபதி, கோவை

பதில்: பலன் உண்டு. ஆனால் எடுத்த எடுப்பிலேயே பணம் போட வேண்டாம். ஓப்பன்ஃபோம் என்ற மென்பொருள் 2004 முதல் இலவசமாகவே கிடைக்கிறது. பழகப் பொறுமை வேண்டும். மகனுக்கு ஆர்வம் இருப்பதால் அதிலேயே தொடங்கட்டும்.

முதலில், திறன் எங்கே போகிறது என்று பிரித்துப் பாருங்கள். மோட்டார் 80 சதவீதம், பம்ப் 65 சதவீதம் என்றால் மொத்தம் 52 தான். சி.எஃப்.டி. உதவுவது பம்ப் பக்கத்துக்கு மட்டும். அதை 68 ஆக்கினால் மொத்தம் 54.4 வரும். குறை மோட்டார் வைண்டிங்கில் இருந்தால், இம்பெல்லரை எப்படி மாற்றினாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது.

கேசிங்குக்குள் தண்ணீர் நிற்கும் இடத்தைப் பல லட்சம் சிறு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் வேகத்தையும் அழுத்தத்தையும் கணக்கிடுவதுதான் இந்த முறை. உங்களுக்கு இது எங்கே கைகொடுக்கும்? இம்பெல்லரின் வாயைப் பாருங்கள். விட்டம் 60 மி.மீ., சுழற்சி நிமிடத்துக்கு 2880 என்றால் அங்கே பிளேடின் வேகம் வினாடிக்கு சுமார் 9 மீட்டர். தண்ணீர் உள்ளே வருவது 2.5 மீட்டர் வேகத்தில் என்று வையுங்கள். அப்போது பிளேடு ஏறத்தாழ 15 டிகிரியில் நின்றால்தான் தண்ணீர் வழுக்கிக்கொண்டு நுழையும். வார்ப்பில் அது 25 டிகிரியாக இருந்தால், பிளேடின் ஒரு பக்கத்தில் ஓட்டம் பிய்ந்து சுழல் உண்டாகும். டெஸ்ட் பெட்டில் ஹெட் குறைவது மட்டும்தான் தெரியும். எந்த இடத்தில் குறைகிறது என்பதைத் திரை காட்டிவிடும். வால்யூட்டின் நாக்குப் பகுதிக்கும் இதே கதைதான்.

செய்ய வேண்டிய வரிசை இது. இப்போது ஓடும் பம்பையே முதலில் கணக்கிடுங்கள். வரைபடத்தை நம்பாமல் வார்ப்பையே அளந்து மாதிரி செய்யுங்கள். கோர் நகர்ந்திருந்தால் வரைபடத்துக்கும் இம்பெல்லருக்கும் சம்பந்தமே இருக்காது. கட்டங்களை இன்னும் பொடியாக்கியும் விடை மாறாமல் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு டெஸ்ட் பெட் ரீடிங்குடன் ஒப்பிடுங்கள். கணக்கில் வரும் திறன் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். வியரிங் ரிங் வழியே கசியும் தண்ணீரையும் வார்ப்பின் சொரசொரப்பையும் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கணக்கு, ரீடிங் ஆகிய இரண்டு வளைவுகளின் போக்கும் ஒத்துவந்தால் போதும். இந்த டிசைனா, அந்த டிசைனா என்று தேர்ந்தெடுக்க அந்தக் கணக்கை நம்பலாம். லேபிளுக்கான எண்ணை அதிலிருந்து எடுக்க முடியாது.

அதன் பின் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: நுழைவுக் கோணம், வெளிவாய் அகலம், நாக்கின் இடைவெளி. ஒவ்வொன்றையும் குறைந்தது மூன்று டிஸ்சார்ஜ் அளவுகளில் ஓட்டிப் பாருங்கள். ஒரே புள்ளியில் திறனை ஏற்றினால் மற்ற இடங்களில் அது சரியலாம். கோடையில் கிணற்று நீர்மட்டம் இறங்கும்போது ஹெட் கூடி டிஸ்சார்ஜ் குறையும். உறிஞ்சும் உயரமும் ஏறுவதால் கேவிடேஷன் ஆபத்தும் வரும். விவசாயி பம்பை ஓட்டுவது அந்தக் கிணற்றில்தான்.

தேறிய டிசைனை மட்டும் பேட்டர்னுக்கு அனுப்புங்கள். கடைசிச் சோதனையைக் கோவையிலேயே உள்ள சிட்டார்க் போன்ற ஆய்வகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பம்பின் கணக்கும் ரீடிங்கும் ஒத்துப்போகும்வரை, புது பேட்டர்னுக்கும் ஆர்டர் கொடுக்காதீர்கள். சாப்ட்வேருக்கும் காசோலை எழுதாதீர்கள்.