முதல் அபராதச் சீட்டு

சென்ற மாதம் என் தந்தையாரின் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. வேக வரம்பை மீறியதற்கு ரூபாய் 1000 அபராதம்! வாடகைக் கார் ஓட்டும் அவருக்கு இதுவே முதல் தடவை. "ஆயிரம் ரூபாய்தானே அப்பா, கட்டிவிடலாம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. காரணத்தைப் பின்னரே அறிந்தேன்.

தோழியரே, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆம் பிரிவு வேகத்தைப் பற்றியது. முன்பு முதல் குற்றத்திற்கு 400 ரூபாய் வரைதான் அபராதம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி கார் போன்ற இலகுரக வாகனங்களுக்கு 1000 முதல் 2000 வரை. லாரி, பேருந்துகளுக்கு 2000 முதல் 4000 வரை. மீண்டும் அகப்பட்டாலோ ஓட்டுநர் உரிமமே பறிமுதலாகும். உரிமம் போனால் எங்கள் வீட்டில் உலை ஏறாது.

ஒருவர் கண்ணால் பார்த்து, "வேகமாகப் போனான்" என்று சாட்சி சொன்னால் மட்டும் போதாதாம். கருவியால் அளந்திருக்க வேண்டும். அப்பாவைப் பிடித்ததும் காமிராதான்.

வேகம் இருமடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்று படித்திருக்கிறோம். 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் போட்ட பின் வண்டி ஓடும் தூரம், 80-இல் ஏறத்தாழ நான்கு மடங்கு. தேர்வுக்காக மனப்பாடம் செய்த நான், குறுக்கே ஓடிவரும் குழந்தையை நினைத்துப் பார்த்ததில்லை.

ஓட்டுநரை வரம்பு மீறி ஓட்டச் செய்யும் முதலாளிக்கும் அபராதம் உண்டு. மகளைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றுமில்லை. அன்று காலை, "மணி அடித்துவிடும், சீக்கிரம் போங்கப்பா" என்று அவசரப்படுத்தியவள் நான்தான். இப்போது பத்து நிமிடம் முன்னதாகவே கிளம்புகிறோம்.