ஓடிய தூரமும் ஓடும் வேகமும்

வண்டி ஓட்டுவார் கண்ணெதிரே இரண்டு கருவிகள் எப்பொழுதும் நிற்கின்றன. ஒன்று, வண்டி இதுகாறும் ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டர். மற்றொன்று, இந்நொடியில் ஓடும் வேகத்தைக் காட்டும் ஸ்பீடாமீட்டர். முன்னதைத் தூரமானி எனவும், பின்னதை வேகமானி எனவும் ஈண்டுக் குறிப்போம். இவை காட்டும் எண்களை நாம் ஐயுறுவதில்லை. எனினும், சற்றே ஆராயின், இவ்விரண்டும் தூரத்தையேனும் வேகத்தையேனும் நேரே அளப்பன அல்ல என்பது விளங்கும். சக்கரமோ, சக்கரத்தோடு இணைந்து சுழலும் தண்டோ எத்தனை முறை சுழன்றது என்பதையே இவை அறியும். அறிந்த சுழற்சிக்குத் தூரமென்றும் வேகமென்றும் பெயரிட்டு நமக்கு உரைக்கின்றன.

இலக்கணம் பயின்றார்க்கு இது புதுமையன்று. ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய பிறிதொன்றற்கு ஆகிவருவதை ஆகுபெயர் என்கிறோம். 'ஊர் சிரித்தது' என்றால் ஊரிலுள்ளார் சிரித்தனர் என்று கொள்கிறோம். ஊருக்கும் ஊராருக்கும் உள்ள தொடர்பு நிற்குமளவே அப்பொருளும் நிற்கும். அங்ஙனமே, சுழற்சியின் எண் தூரத்தின் எண்ணாக ஆகிவருவதற்குச் சக்கரத்தின் சுற்றளவே தொடர்பாகும். வேறு அளவுடைய சக்கரத்தைப் பூட்டியவுடன் அத்தொடர்பு அறுகின்றது. கருவியோ பழைய பொருளிலேயே பேசிக்கொண்டிருக்கும். நாமும் அதனை நம்பிச் செல்வோம். இதனால் விளையும் பிழை எவ்வளவு, அதனைத் திருத்துமாறு எங்ஙனம், முற்றத் திருத்தவியலாத இடத்து எஞ்சும் பிழையை எவர் தலையில் வைப்பது என்னும் மூன்றும் இக்கட்டுரையில் ஆராயப்படும்.

சக்கரத்தைக்கொண்டு தூரத்தை அளக்கும் முறை மிகப் பழையது. உரோமப் பேரரசன் அகஸ்தஸ் காலத்துச் சிற்பநூலாசிரியராகிய விட்ரூவியஸ், தம் நூலின் பத்தாம் பகுதியில் அத்தகைய வண்டியொன்றை விவரிக்கின்றார். அதன் சக்கரத்தின் சுற்றளவு 12½ அடி. சக்கரம் ஒருமுறை சுழலுந்தோறும், 400 பற்களையுடைய வேறோர் உருளை ஒரு பல் நகரும். 400 சுழற்சி நிறைந்ததும் ஒரு சிறு கல் வெண்கலப் பாத்திரத்தில் ஓசையுடன் விழும். 12½ அடியை 400-ஆற் பெருக்க 5,000 அடியாம். அதுவே உரோமரது ஒரு மைல். மாலையில் பாத்திரத்துக் கற்களை எண்ணினால் அன்று கடந்த மைல்களின் தொகை கிடைக்கும்.

1847-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேற்றிசை நோக்கிச் சென்ற மார்மன் குடியேறிகளுள் வில்லியம் கிளேட்டன் என்பார் ஒருவர். அவர் வண்டிச் சக்கரமொன்றை அளந்தார். சுற்றளவு 14 அடி 8 அங்குலம். அச்சக்கரம் 360 முறை சுழன்றால் 5,280 அடி, அதாவது சரியாக ஒரு மைல். சக்கரத்தில் துணியொன்றைக் கட்டி, அவ்வாண்டு மே மாதம் 8-ஆம் நாள் அது சுழன்ற முறைகளைத் தாமே நடந்து எண்ணினார். 4,070 என்று கண்டார். பின்னர் அவர் குழுவினர் மரத்தாற் பற்சக்கரங்கள் செய்து அவ்வேலையைக் கருவிக்கு ஒப்புவித்தனர். அவ்வளவைகளைக்கொண்டு கிளேட்டன் 1848-இல் வெளியிட்ட வழிகாட்டி நூல், 1,031 மைல் நீண்ட வழியில் ஆறும் நீரும் புல்லும் உள்ள இடங்களைத் தூரத்தோடு குறித்துப் பின்வந்தார்க்கு உதவிற்று. இங்கு ஒன்று நோக்கத்தக்கது. அவர் சக்கரத்தின் சுற்றளவை ஓரங்குலம் பிழைபட அளந்திருந்தால், மைலுக்கு 30 அடி வீதம், வழி முடிவில் ஏறக்குறைய ஆறு மைல் பிழை ஏறியிருக்கும். அளந்தவர் செய்த பிழையால் நீரை எதிர்நோக்கி வரும் பிறரன்றோ வாடுவர்? அளவுக் கருவியின் பிழை பெரும்பாலும் இத்தன்மைத்து. அது பிறரைச் சென்று சேரும்.

இனி, மோட்டார் வண்டியின் பழைய முறைக் கருவியை நோக்குவோம். கியர்ப் பெட்டியினின்று புறப்படும் தண்டில் ஒரு திருகுப்பல் உண்டு. அது சிறு பற்சக்கரமொன்றைச் சுழற்ற, அச்சக்கரம் ஒரு கேபிளைச் சுழற்றும். கேபிளின் மறுமுனையில் இரண்டு வேலைகள் நிகழ்கின்றன. ஒன்று எண்ணுதல்: பற்சக்கரங்கள் வழியாக எண் பொறித்த உருளைகள் மெல்லத் திரும்புகின்றன, ஓருருளை முழுதுஞ் சுற்றியதும் அடுத்தது பத்தில் ஒரு பங்கு நகரும். மற்றொன்று வேகங் காட்டுதல்: கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்ற, அதனைச் சூழ்ந்த அலுமினியக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் எழுந்து, கிண்ணத்தையும் உடன் இழுக்கின்றது. மெல்லிய சுருள்வில் அவ்விழுப்பைத் தடுக்கின்றது. இழுப்பும் தடுப்பும் ஒத்து நிற்குமிடத்தே முள் நிற்கும். இவ்வகை வேகமானிக்கு ஓட்டோ ஷுல்ட்ஸே என்னும் ஜெர்மானியர் 1902-இல் உரிமை பெற்றார். இக்காலத்து வண்டிகளில் கேபிள் இல்லை. உணர்கருவியொன்று சுழற்சிக்கு இத்தனை மின்துடிப்பு என அனுப்ப, கணிப்பொறி அதனை ஒரு மாறிலியாற் பெருக்கிக் காட்டும். முறை வேறாயினும் அடிப்படை ஒன்றே. கேபிளிற் பற்களின் தொகையாக இருந்தது, இங்கு மாறிலியாக ஒளிந்திருக்கின்றது.

சக்கரம் மாறினால் வரும் பிழையைக் கணக்கிட டயரின் பக்கத்தில் எழுதப்பட்ட எண்களே போதும். 165/80 ஆர் 14 என்பதில், 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு எத்தனை என்பது. 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஆகவே பக்கச்சுவர் 132 மில்லிமீட்டர், மேலும் கீழுமாக 264, ரிம் 355.6, ஆகக்கூடி விட்டம் 619.6 மில்லிமீட்டர். இனி 185/65 ஆர் 15 என்பதை இவ்வாறே கணக்கிட 621.5 மில்லிமீட்டராகும். 2018-இல் வெளிவந்த ஸ்விப்ட் கார், வகைக்கேற்ப இவ்விரு டயர்களோடும் விற்கப்பட்டது. ரிம் ஓரங்குலம் பெருத்தும் பக்கச்சுவர் குறுகியமையால், விட்டம் நூற்றுக்கு 0.3 பங்கே மிகுந்தது. இங்கே திருத்தம் வேண்டுவதில்லை.

இதற்கு மறுதலையாக ஒன்று காண்போம். 1997 முதல் 2006 வரை செய்யப்பட்ட ஜீப் ராங்லர் வண்டிகளிற் சில 225/75 ஆர் 15 டயரோடு வந்தன. அதன் விட்டம் 718.5 மில்லிமீட்டர். மேடுபள்ளங்களில் ஏறிச்செல்ல விரும்புவார் பலர், அதே 15 அங்குல ரிம்மில் 31 அங்குல விட்டமுடைய டயரைப் பூட்டுவர், அது 787.4 மில்லிமீட்டர். ரிம் மாறவில்லை, கணக்கோ நூற்றுக்கு 9.6 பங்கு மாறிவிட்டது! பெரிய சக்கரம் ஒரு சுழற்சியில் மிகுதூரம் செல்லும். அதனைக் கருவி அறியாது. முள் 80 கிலோமீட்டர் காட்டும்போது வண்டி ஏறக்குறைய 88 கிலோமீட்டர் வேகத்தில் விரையும். பிரேக்கை அழுத்தியபின் நிற்பதற்கு வேண்டும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுவதாகலின், அத்தூரம் ஐந்தில் ஒரு பங்கு மிகும். சாலையைக் கடக்கும் சிறுவனுக்கும் வண்டிக்கும் இடையேயுள்ள வெளி அதுவாக இருத்தல்கூடும். தூரமானியோ 10,000 காட்டும்போது வண்டி 10,959 கிலோமீட்டர் ஓடியிருக்கும்.

திருத்துவோன் முதற்கண் செய்யவேண்டுவது அளத்தல். டயரில் எழுதிய எண் ஒரு மதிப்பே. பாரத்தால் டயர் சற்று அமுங்கும். தேய்வினாலும் சுற்றளவு குறையும். 8 மில்லிமீட்டர் ஆழமுடைய புதிய டயர் 1.6 மில்லிமீட்டராகத் தேய்ந்தால், விட்டம் 12.8 மில்லிமீட்டர் குறையும். சிறிய காருக்கு இது நூற்றுக்கு இரண்டு பங்கு. ஆகவே, முறையாகக் காற்று நிரப்பி, வழக்கமான பாரத்தை ஏற்றி, டயரிலும் தரையிலும் சுண்ணக்கட்டியால் ஒரு குறியிட்டு, வண்டியை நேராகப் பத்துச் சுழற்சி தள்ளி, கடந்த தூரத்தை அளந்து பத்தால் வகுக்க உண்மைச் சுற்றளவு கிடைக்கும். அடுத்து, நெடுஞ்சாலையின் கிலோமீட்டர்க் கற்களைக்கொண்டு பத்துக் கிலோமீட்டர் ஓட்டித் தூரமானியை ஒப்புநோக்கலாம். ஒரு கிலோமீட்டரை 45 விநாடியிற் கடந்தால் வேகம் 80 என்பது கணக்காகலின், கடிகாரத்தால் வேகமானியையும் சோதிக்கலாம். துணைக்கோள் வழிகாட்டும் கருவி இவ்வேலையை இன்னும் எளிதாக்கியுள்ளது. ஓட்டுவோர் ஒருவரும் குறிப்போர் ஒருவருமாக இருவர் செய்தல் நன்று.

அளந்தபின் திருத்தம். கேபிள் முறையில் தூரமானி பற்களின் எண்ணையே பின்பற்றும். வேகமானியோ காந்தத்தின் வலிமையையும் சுருள்வில்லின் இறுக்கத்தையும் பின்பற்றும். ஆதலின் முதலிற் பற்சக்கரத்தை மாற்றித் தூரத்தைச் செம்மையாக்கி, அதன்பின் முள்ளைச் செம்மையாக்குதலே முறை. முறை பிறழ்ந்து முள்ளை முதலில் திருத்தினால், பற்சக்கரம் மாறியதும் அது மீண்டும் பிழைபடும். மேற்கூறிய ஜீப்பில் உணர்கருவியைச் சுழற்றும் சிறு பற்சக்கரத்தையே மாற்றுவர். தூரம் வேகம் இரண்டும் அவ்வொன்றாலேயே மாறும். பின்வந்த வண்டிகளிற் பலவற்றில் கணிப்பொறியின் மாறிலியை உரிய கருவியால் மாற்றுவர். அன்றேல், துடிப்புகளின் தொகையை இடையில் நின்று மாற்றும் சிறு பெட்டியைப் பொருத்துவர்.

பற்சக்கரத்தில் ஓர் இடர்ப்பாடு உண்டு. பற்களை முழு எண்ணாகவே வெட்டலாகும். பழைய சக்கரத்திற்கு 36 பல் சரியாக இருந்தது என்று கொள்வோம். புதிய டயருக்கு 36-ஐ 1.096-ஆல் வகுக்க 32.85 பல் வேண்டும். அத்தகைய பற்சக்கரம் இல்லை. 33 பல் வைத்தால் கருவி நூற்றுக்கு அரைப் பங்கு குறைத்துக் காட்டும். 32 பல் வைத்தால் 2.7 பங்கு கூட்டிக் காட்டும். எதனைக் கொள்வது? கணிதம் மட்டும் அறிந்தவன் 33 என்பான். பிழை அதிற்றான் சிறிது. ஆயின் ஐக்கிய நாடுகள் அமைப்பின் 39-ஆம் வாகன விதி, வேகமானி உண்மை வேகத்திற் குறைத்துக் காட்டவே கூடாது என்கின்றது. கூட்டிக் காட்டுவதற்கோ, உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதன்மேல் 4 கிலோமீட்டரும் வரை இடந்தருகின்றது. அவ்விதியின் கருத்துப்படி 32-ஐக் கொள்வதே தக்கது. என்னை? கூட்டிக் காட்டினால் ஓட்டுவோன் சற்றே தாமதித்துச் சேர்வான், இழப்பு அவனுக்கே. குறைத்துக் காட்டினால் இழப்பு வழியிற் செல்வார்க்கு.

இதே அளவுகோலைத் தூரத்திற்கும் வைத்துப் பார்க்கலாம். சொந்த வண்டியின் தூரமானி சற்றுக் கூட்டிக் காட்டினால், விற்கும்போது விலை குறையும், இழப்பு உடையவனுக்கே. குறைத்துக் காட்டினால் வாங்குவோன் ஏமாறுவான். வாடகை வண்டியிலோ இது தலைகீழாகும். ஆங்கு மீட்டர் கூட்டிக் காட்டினால் ஏறியவர் பணம் இழப்பர். ஆதலின், மிகையென்றோ குறையென்றோ பொதுவிதி வகுத்தல் இயலாது. தவிர்க்கவொண்ணாப் பிழை கருவியை உடையவனையே சாருமாறு செய்க என்பதே விதி.

இறுதியாக, திருத்தம் வேறு, திரிபு வேறு என்பதை உணர்தல் வேண்டும். திருத்தம் இனிவரும் கணக்கைச் செம்மையாக்குவது; சென்ற கணக்கைத் தொடாதது. ஓடிய தூரத்தைக் குறைத்து எழுதுவது திருத்தமன்று, வஞ்சகம். 1972-இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம் இவ்விரண்டையும் நன்கு பிரித்தது. தூரமானியைச் செப்பனிடலாம், பழைய எண் மாறாதிருக்க வேண்டும். அது இயலாதாயின், எண்ணைச் சுழியமாக்கி, முன்னிருந்த எண்ணையும் செப்பனிட்ட நாளையும் எழுதி வண்டியின் இடப்பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டவேண்டும் என்பது அதன் ஆணை. பெரிய டயரோடு திருத்தமின்றி ஓடிய நாட்களின் கணக்கையும், சக்கரம் மாறிய நாளில் இருந்த எண்ணையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, வண்டியோடு கொடுப்பதே நேர்மையாளன் செயல்.

கருவி பொய் சொல்வதில்லை. தான் அறிந்த சக்கரத்தைப் பற்றியே பேசுகின்றது. சக்கரத்தை மாற்றியவன் அச்செய்தியைக் கருவிக்கு அறிவித்தல் கடன். அறிவித்தபின்னும் எஞ்சும் சிறு பிழையைத் தன் தோள்மேல் ஏற்றுக்கொள்வானாயின், அவன் வண்டி செல்லும் வழியில் பிறரும் அச்சமின்றிச் செல்வர்.