தெருவில் எந்த வருடம்? ரயில் மாடல் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காவிரிக் கரை ஊர்களிலிருந்து வந்தவை. எல்லோர் மனத்திலும் மீட்டர்கேஜ் காலத்து மெயின் லைன்தான் ஓடுகிறது. எஞ்சினில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து தெருவில் கால் வைத்ததும்தான் தடுமாற்றம்.

கேள்வி: 1962-ஆம் வருடத்தை வைத்து, கும்பகோணத்துக்கும் பாபநாசத்துக்கும் நடுவே கற்பனையாக ஒரு ஸ்டேஷனும் அதன் எதிரே கடைத்தெருவும் செய்திருக்கிறேன். ஒய்.பி. எஞ்சின் நன்றாக வந்துவிட்டது. தெருவில் தேர்தல் சுவரெழுத்து, அம்பாசிடர் கார், சோழன் பஸ், மாடி வீட்டில் ஆன்டெனா, வயலில் நடவுப் பெண்கள். வேறு என்ன சேர்க்கலாம்? (கும்பகோணம்)

சேர்ப்பது இருக்கட்டும், முதலில் எடுக்க வேண்டியதை எடுங்கள். சோழன் போக்குவரத்துக் கழகம் வந்தது 1972-இல். உங்கள் ஊரில் அதற்கு முன் ஓடியவை ராமன் அண்டு ராமன் போன்ற தனியார் பஸ்கள். அந்த ஊர்க்காரரான நீங்களே இதை மறந்துவிட்டீர்களே என்று வருத்தமாக இருக்கிறது. ஆன்டெனாவைக் கழற்றுங்கள். சென்னைக்கே 1975-இல்தான் டி.வி. வந்தது. கடலோர ஊர்களில் இலங்கை ரூபவாகினி பார்க்க உயரக் கம்பம் நட்டதெல்லாம் 1980களின் கதை. அம்பாசிடர் இருக்கலாம், ஆனால் ஒன்றே ஒன்று. டாக்டர் வீட்டு வாசலிலோ மிராசுதார் வீட்டு வாசலிலோ நிறுத்துங்கள். மற்ற இடமெல்லாம் மாட்டுவண்டி, சைக்கிள், ஸ்டேஷன் வாசலில் இரண்டு குதிரைவண்டி.

இனி வயல். உங்கள் சுவரில் உதயசூரியனும் இரட்டைக் காளையும் இருக்கின்றன. 1962 பொதுத்தேர்தல் நடந்தது பிப்ரவரியில். அந்த மாதத்தில் டெல்டாவில் யார் நடவு நடுகிறார்கள்? சம்பா அறுவடை முடிந்திருக்கும். வயலில் அரிதாள், களத்துமேட்டில் வைக்கோல் போர். அறுவடைக்குச் சில நாள் முன்பே ஈரத்தில் தெளித்த உளுந்தும் பயறும் தாளுக்கு இடையே இளம்பச்சையாக முளைத்திருக்கும். அந்தப் பச்சையை மெல்லிய தூளாகத் தூவினால் போதும், பிப்ரவரி வந்துவிடும். நடவுப் பெண்கள் வேண்டும் என்றால் சுவரெழுத்தை அழித்துவிட்டு ஆடிக்கோ புரட்டாசிக்கோ போங்கள். இரண்டையும் ஒரே பலகையில் வைக்காதீர்கள்.

கேள்வி: தஞ்சைப் பெரிய கோவிலை என் லேஅவுட்டில் முழுதாக வைக்க ஆசை. முடியுமா? அளவு 1:87. (தஞ்சாவூர்)

விமானம் 216 அடி. உங்கள் அளவில் ஏறக்குறைய 76 சென்டிமீட்டர். பக்கத்தில் எஞ்சின் எறும்பாகிவிடும். பின்திரையில் தொலைவாக, நீலச் சாம்பல் நிறத்தில் வரையுங்கள்.

கேள்வி: கையில் 16.5 மி.மீ. தண்டவாளம் நிறைய இருக்கிறது. 1:87-இல் மாயவரம் மீட்டர்கேஜுக்கு அதையே போடலாமா? (சீர்காழி)

கூடாது. 16.5-ஐ 87-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 1435 மி.மீ. அது சீமை கேஜ், நம் மெயின் லைனில் அது எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. 12 மி.மீ. வாங்குங்கள்.

கேள்வி: கடைப் பலகைகளைக் கம்ப்யூட்டரில் அழகான எழுத்துருவில் அடித்து ஒட்டினேன். ஸ்டேஷன் பெயர் சுவாமிமலை, வருடம் 1960. பார்க்க வந்த ஒரு பெரியவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, ஆனா இது எங்க காலம் இல்லையே" என்றார். ஏன் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா? (திருவையாறு)

தெரியும். நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்த மறுநொடியே தெரிந்துவிட்டது. உங்கள் பலகைகளில் இருப்பது 1978-க்குப் பிந்தைய தமிழ்.

எம்.ஜி.ஆர். அரசு அந்த ஆண்டு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது. பதின்மூன்று எழுத்துகள் உருவம் மாறின. பழைய வடிவத்தில் ணை, லை, ளை, னை ஆகிய நான்கிலும் முன்னால் தனியாக ஐகாரக் கொம்பு கிடையாது. எழுத்தின் தலையிலேயே யானைத் தும்பிக்கை போல ஒரு சுழி ஏறி வளையும். ணா, றா, னா மூன்றுக்கும் பக்கத்தில் தனிக் கால் கிடையாது. எழுத்தோடு சேர்த்தே கீழே சுழித்து இழுத்திருப்பார்கள். அவற்றின் ஒகர, ஓகார வடிவங்களுக்கும் அதே கதி. 1960-இல் பலகை எழுதிய ஒவ்வொரு ஓவியரும் பள்ளிக்கூடத்தில் படித்தது அந்த எழுத்தைத்தான். அந்தப் பெரியவரின் கண்ணும் அதையேதான் தேடியிருக்கிறது.

உங்கள் தெருவில் நடந்து பாருங்கள். சுவாமிமலை என்ற பெயர்ப்பலகையிலேயே லை இருக்கிறது. வெற்றிலைக் கடையில் லை, அங்கேயே சுண்ணாம்பில் ணா, பாடசாலையில் லை, மருந்துச்சாலையில் லை. நீடாமங்கலத்திலிருந்து கிளை பிரிகிற மன்னார்குடியில் னா. 1960-க்குப் பிந்தைய தெருக்களிலும் இதே கதைதான். கீற்றுக்கொட்டகைச் சுவரொட்டிக்கு 'தாய் சொல்லைத் தட்டாதே' என்று எடுத்தால், அது 1961 நவம்பர் படம், அதிலும் லை. 'எங்க வீட்டுப் பிள்ளை', 'திருவிளையாடல்' இரண்டும் 1965, இரண்டிலும் ளை. 'தில்லானா மோகனாம்பாள்' 1968; ஒரே தலைப்பில் இரண்டு னா. 1962 தேர்தலில் தஞ்சாவூர்ச் சுவர்களில் எழுதப்பட்ட வேட்பாளர் பெயர் கருணாநிதி. அதில் ணா. இத்தனை எழுத்தும் தவறாக நிற்கும் தெருவில் எஞ்சினின் ஒவ்வொரு ஆணியையும் எண்ணி வைத்து என்ன பயன்? ஆயிரக்கணக்கில் செலவழித்து எஞ்சினை இறக்குமதி செய்கிறவர்கள், காசே செலவாகாத இந்த ஒன்றைச் செய்ய மறுக்கிறார்கள். எனக்கு இது ஆறாத கோபம்.

எதிர்ப்பக்கம் போகிறவர்களும் உண்டு. எல்லா ஐகாரத்துக்கும் தும்பிக்கை வைத்துவிடுவார்கள். ஆடுதுறையின் றைக்கு அது கிடையாது. ஜவுளிக்கடையின் டைக்கும், மளிகையின் கைக்கும் கிடையாது. நான்கே நான்கு எழுத்துக்குத்தான். இன்னொரு விலக்கும் உண்டு. பெரியார் தம் ஏட்டில் புது எழுத்தை 1935-லேயே கொண்டுவந்துவிட்டார். அதனால் உங்கள் டீக்கடை பெஞ்சில் அவருடைய 'விடுதலை' நாளிதழ் கிடந்தால் அதன் தலைப்பில் புது லைதான் சரி. அதற்கு நேர்மேலே தொங்கும் கடைப் பலகையில் பழைய லை. இரண்டையும் சேர்த்து வைக்கத் தெரிந்தவர் அந்தக் காலத்தைப் படித்தவர் என்று நான் ஒப்புக்கொள்வேன்.

செய்முறை எளிது. ஓர் அடி உயர எழுத்து 1:87 அளவில் மூன்றரை மி.மீ. அதை நேராக எழுத யாராலும் முடியாது. பெரிய தாளில் தட்டைத் தூரிகையால் பலகையை எழுதுங்கள். கோடு கொஞ்சம் கோணட்டும், கடைசி எழுத்து இடமில்லாமல் நெருங்கட்டும். படம் எடுத்துச் சுருக்கி, பளபளப்பில்லாத தாளில் அச்சிடுங்கள். பழைய எழுத்து நினைவில்லை என்றால் வீட்டுப் பரணில் 1978-க்கு முந்தைய கல்யாணப் பத்திரிகை ஒன்றாவது இருக்கும், பாருங்கள். அந்தப் பெரியவரையே உட்காரவைத்து எழுதச் சொல்லலாம். மகிழ்ச்சியோடு எழுதித் தருவார்.

ஸ்டேஷன் பலகை பற்றியும் ஒன்று. 1950களில் இந்திப் பெயர் மேல் தார் பூசும் போராட்டம் நடந்தது. தார் வழிந்த ஒரு பலகை அந்தக் காலத்துக்குப் பொருந்தும். ஒரு ஸ்டேஷனில் மட்டும் வையுங்கள்.

கேள்வி: வெளிநாட்டு மனித பொம்மைகள்தான் கிடைக்கின்றன. எல்லாம் கோட்டும் தொப்பியும். என்ன செய்வது? (மன்னார்குடி)

தொப்பியைச் சீவுங்கள். 1:87-இல் ஐந்தரை அடி ஆள் 19 மி.மீ. வருவார், அதற்கு மேல் உயரமானவர்களை ஒதுக்குங்கள். மெல்லிய டிஷ்யூ தாளைத் தண்ணீர் கலந்த பெவிகாலில் நனைத்துக் கால்சட்டைமேல் சுற்றினால் வேட்டி. தோளில் ஒரு நூல் அகலத்துக்குப் போட்டால் துண்டு. கோட்டை உரசி எடுத்து வெற்றுடம்பாக்கி மாநிறம் கொடுங்கள், ஆனால் எல்லோருக்கும் ஒரே நிறம் வேண்டாம். எல்லோருக்கும் செருப்பு வேண்டாம், பாதிப்பேர் வெறுங்காலில்தான் நடந்தார்கள். ஒருவர் கையிலாவது கறுப்புக் குடை இருக்கட்டும். குடங்களுக்குப் பித்தளை நிறமும் மண் நிறமும் போதும். பச்சை, சிவப்பு பிளாஸ்டிக் குடத்தை 1960-இல் கண்டால் நான் அடுத்த படத்தைப் பார்ப்பதில்லை.

கேள்வி: மண்ணுக்குச் செம்மண் சலித்துப் போட்டேன். ஊர் திருவிடைமருதூர். சரிதானே? (சென்னை)

இல்லை. செம்மண் வேண்டுமானால் தஞ்சாவூருக்கு மேற்கே வல்லத்துக்குப் போங்கள். திருவிடைமருதூர் வண்டல் பூமி. பழுப்புச் சாம்பல் நிறம், காய்ந்தால் வெடிப்பு.

கேள்வி: சம்பா வயலில் நெல் எவ்வளவு உயரம் வைப்பது? (நீடாமங்கலம்)

வருடத்தைச் சொல்லாமல் கேட்டிருக்கிறீர்கள். ஐ.ஆர்.8 குட்டை நெல் வந்தது 1966-இல். அதற்கு முன்பு என்றால் பழைய நெட்டை ரகங்கள்: ஆள் மார்பளவு, கதிர் முற்றியதும் சாய்ந்து கிடக்கும். 1:87-இல் 12 மி.மீ.க்குக் குறையாமல் வைத்து, ஓரத்தில் விரலால் ஒரு பக்கமாகப் படுக்கவிடுங்கள். நிமிர்ந்து நிற்கும் குட்டை நெல் பின்னால் வந்தது.

கேள்வி: தெருவிளக்குக்கு வெள்ளை எல்.ஈ.டி. போட்டிருக்கிறேன். பளிச்சென்று இருக்கிறது. (திருவாரூர்)

அதுதான் குறை. மஞ்சள் போடுங்கள், வெளிச்சத்தைப் பாதியாகக் குறையுங்கள், கம்பத்துக்குக் கம்பம் இருட்டு இருக்கட்டும்.

கேள்வி: எனக்கு 71 வயது. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றேன். வீட்டில் கொடுத்த இடம் நாலடிக்கு ஒன்றரை அடி. கை நடுங்குகிறது. இந்த வயதில் ஆரம்பிக்கலாமா? மருமகள் கேலி செய்யவில்லை, ஆனால் எனக்கே சந்தேகமாக இருக்கிறது. (மயிலாடுதுறை)

ஐயா, தாராளமாக ஆரம்பியுங்கள். இந்த மாதம் வந்த கடிதங்களில் என்னை மிகவும் மகிழ்வித்தது உங்களுடையதுதான்.

உங்கள் ஊரிலிருந்தே ஒரு பாதை இருந்ததே: செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் வழியாகத் தரங்கம்பாடி. 1926-இல் திறந்து 1980களில் மூடிவிட்டார்கள். அதன் கடைசி ஸ்டேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். கடலோரத்தில் முடிகிற சின்ன ஸ்டேஷன். ஒரு பெட்டி 1:87 அளவில் ஏறக்குறைய 22 செ.மீ. வரும், எஞ்சினும் இரண்டு பெட்டியும் நாலடிக்குள் அடங்கும். 1974-க்கு முந்தைய வருடம் என்றால் பெட்டியில் மூன்றாம் வகுப்பு என்று எழுத மறக்க வேண்டாம். தெரு மிகக் கொஞ்சம்தான்: ஒரு டீக்கடை, ஒரு வெற்றிலைக் கடை, நிழலில் அவிழ்த்துவிட்ட வண்டி மாடு, மணல்.

கை நடுக்கத்துக்கு நெட்டியைப் பயன்படுத்துங்கள். தஞ்சாவூரில் பெரிய கோவில் செய்து விற்கிறார்களே, அதே நெட்டிதான். அந்த வேலைக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. புது பிளேடால் மெதுவாகச் சீவினால் காகிதம்போல் வரும். கனமில்லை, அறுக்க வலு வேண்டாம். விரலால் அழுத்தினால் மட்டும் அமுங்கிவிடும், இடுக்கியால் எடுங்கள். ஓட்டுக்கூரைக்கு அட்டை, விளக்குக் கம்பத்துக்குத் தென்னை ஈர்க்கு. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், காலை வெளிச்சத்தில்.

வேலையில் இருந்தபோது அந்தப் பாதையில் போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஸ்டேஷன் வாசலில் எந்த மரம் நின்றது, குழாய் எந்தப் பக்கம், பெஞ்சு மரமா சிமென்ட்டா என்று நினைவிருப்பதை எல்லாம் முதலில் ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதியதில் ஒரு பிரதி எனக்கும் அனுப்புங்கள்.