எப்போதும் மேலே நிற்கும் சாளரம்

பணிசெயல் முறைமை – வரைவியல் பயனர் இடைமுகம்

மேசையில் ஒரு கொப்பி, அதன்மேல் ஒரு புத்தகம், அதற்கும் மேல் ஓர் அடிமட்டம் இருப்பதாகக் கொள்ளுங்கள். கணினித் திரையில் நீங்கள் திறக்கும் சாளரங்களும் இவ்வாறே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. திரையில் ஒரு புள்ளியின் இடத்தைக் குறிக்க எக்ஸ், வை ஆகிய இரு அச்சுக்கள் போதும். எந்தச் சாளரம் முன்னே, எது பின்னே என்பதைக் கூற மூன்றாவது அச்சு ஒன்று தேவை. அதனாலேயே இந்த அடுக்கு ஒழுங்கு இசட் வரிசை எனப்படுகின்றது.

சாதாரணமாக நீங்கள் சொடுக்கும் சாளரம் மேலே வரும். மற்றவை பின்னே செல்லும். ஆனால் விண்டோஸ் பணிசெயல் முறைமை சாளரங்களை இரு தொகுதிகளாக வைத்திருக்கின்றது. ஒன்று சாதாரணத் தொகுதி, மற்றையது "எப்போதும் மேலே" என்னும் தொகுதி. இரண்டாவது தொகுதியிலுள்ள சாளரத்தை, முதற் தொகுதியிலுள்ள எந்தச் சாளரமும் மறைக்க முடியாது. இரண்டாவது தொகுதியிலேயே இரு சாளரங்கள் இருந்தால் என்ன நடக்கும்? அவற்றுள் கடைசியாகச் சொடுக்கப்பட்டதே மேலே நிற்கும். சிறிதாக்கப்பட்ட சாளரம் எத்தொகுதியைச் சேர்ந்ததாயினும் பணிப்பட்டைக்கே செல்லும்.

மாணவர் பலர் தவறுவது அடுத்த விடயத்தில்தான். மேலே நிற்கும் சாளரம் வேறு, செயற்படு சாளரம் வேறு. விசைப்பலகையில் நீங்கள் தட்டுவது செயற்படு சாளரத்துக்கே செல்லும்.

விரிதாளில் வகுப்பின் புள்ளிகளைப் பதிந்துகொண்டிருக்கிறீர்கள். கணிகருவி எப்போதும் மேலே நிற்குமாறு வைக்கப்பட்டுள்ளது. ஒரு மாணவனின் 68 என்ற புள்ளி உள்ள கலத்தைச் சொடுக்கிவிட்டு, கண்ணைக் கணிகருவியில் வைத்தபடி 74 எனத் தட்டி என்டர் விசையை அழுத்துகிறீர்கள். கணிகருவியில் எதுவும் மாறாது. கலத்திலிருந்த 68 அழிந்து 74 ஆகிவிடும்! உடனே கவனித்தால் கன்ட்ரோல் + இசட் மூலம் மீட்கலாம். கவனிக்காமற் சேமித்து மூடிவிட்டால், அந்த மாணவனின் மொத்தமும் சராசரியும் பிழைத்துவிடும். எனவே தட்டுவதற்கு முன் கணிகருவியை ஒருமுறை சொடுக்குங்கள்.

உரையாடல் பெட்டியையும் இதனுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். "சேமிக்கவா?" என வினவும் பெட்டி, பதில் கிடைக்கும்வரை தனது தாய்ச் சாளரத்தில் உங்களை வேலை செய்ய விடாது. எப்போதும் மேலே நிற்கும் சாளரமோ எதையும் தடுப்பதில்லை, இடத்தை மட்டுமே பிடித்துக்கொள்ளும்.

செய்துபாருங்கள்

விண்டோஸ் 10, 11 கணிகருவியில் நியம வகையைத் தெரிவு செய்து, ஆல்ட் + மேல் அம்புக்குறியை அழுத்துக. அது சிறிய சாளரமாகி மேலே நிற்கும். ஆல்ட் + கீழ் அம்புக்குறி பழைய நிலைக்குக் கொண்டுவரும். விஞ்ஞான வகையில் இவ்வசதி இல்லை.

கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ்கேப் அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். இதிலும் "எப்போதும் மேலே" தெரிவு உண்டு. முழுத்திரையையும் பிடித்த ஒரு மென்பொருள் இயங்காது நின்றுவிட்டால், அதை முடிவுறுத்த வேண்டிய டாஸ்க் மனேஜரே அதன் பின்னால் மறைந்துபோகலாம். அதற்காகவே இத்தெரிவு.

உபுண்டுவில் இது இன்னும் எளிது. பெரும்பாலான சாளரங்களின் தலைப்புப் பட்டையில் வலச்சொடுக்கு செய்தாலே இத்தெரிவு வரும். விண்டோஸில் எல்லாச் சாளரங்களுக்கும் பொதுவான அத்தகைய பட்டியற் தெரிவு இல்லை. மைக்ரோசொஃப்ட் இலவசமாக வழங்கும் பவர்டோய்ஸ் மென்பொருளில் 2022 முதல் விண்டோஸ் விசை + கன்ட்ரோல் + டி மூலம் இதைச் செய்யலாம்.

பயிற்சி வினாக்கள்

1. கணிகருவி எப்போதும் மேலே நிற்க, மாணவி ஒருத்தி விரிதாளின் வெற்றுக் கலமொன்றைச் சொடுக்கி 8 ஐத் தட்டுகிறாள். 8 தோன்றுவது,
(1) கணிகருவியில் (2) கலத்தில் (3) இரண்டிலும் (4) எதிலுமில்லை

2. கணிகருவி, டாஸ்க் மனேஜர் இரண்டும் எப்போதும் மேலே நிற்குமாறு உள்ளன. அவை ஒன்றன்மேல் ஒன்று விழுமாறு நகர்த்தப்பட்ட பின், கணிகருவி சொடுக்கப்படுகிறது. எது மேலே தெரியும்? காரணம் தருக.

விடைகள்: 1. (2). 2. கணிகருவி. இரண்டும் ஒரே தொகுதியில் இருப்பதால், கடைசியாகச் சொடுக்கப்பட்டது மேலே வரும்.