முன்பணம் எங்கே போனது?

சிங்கப்பூரில் பணம் கட்டிய அன்றே புதிய கார் வீட்டு வாசலுக்கு வந்துவிடாது. முதலில் வாகன உரிமைச் சான்றிதழ் கிடைக்க வேண்டும். அதற்கான ஏலம் பொதுவாக மாதத்திற்கு இருமுறை நடைபெறுகிறது. வாடிக்கையாளர் கார் நிறுவனத்தில் முன்பணம் செலுத்திவிட்டுக் காத்திருப்பார். ஒருமுறை கிடைக்காவிட்டால், அடுத்த ஏலம்வரை பொறுத்திருக்க வேண்டும்.

நேர்மையற்ற விற்பனையாளருக்கு இந்தக் காத்திருப்பே வசதியாகிவிடுகிறது. “என் கணக்கிற்கே ‘பேநவ்’ மூலம் அனுப்புங்கள், தள்ளுபடி வாங்கித் தருகிறேன்” என்பார். பணம் நிறுவனத்தைச் சென்றடையாது. வாடிக்கையாளர் கேட்கும்போதெல்லாம், “இந்த முறையும் ஏலத்தில் விலை ஏறிவிட்டது” என்ற பதில் தயாராக இருக்கும். விலை ஏறியது பல வேளைகளில் உண்மையாகவே இருப்பதால், சந்தேகம் எழுவதில்லை. விடாமல் நெருக்குபவருக்கு மட்டும், புதிதாக வந்த மற்றொருவரின் முன்பணத்தை எடுத்துத் திருப்பித் தருவார். ஒரு குழியை மூட இன்னொரு குழியைத் தோண்டும் வேலை இது. புதியவர்கள் வருவது குறைந்ததும் எல்லாம் வெளிப்பட்டுவிடும்.

நிறுவனத்திற்காகப் பெற்ற பணத்தை ஊழியர் கையாடுவது நம்பிக்கை மோசடி. தண்டனைச் சட்டத்தின் 408ஆம் பிரிவின்கீழ் அவருக்கு 15 ஆண்டுகள்வரை சிறைத்தண்டனையும் அபராதமும் விதிக்கப்படலாம். ஆனால், அவர் சிறை செல்வதால் மட்டும் செலவழிந்த பணம் திரும்பிவிடாது. நிறுவனத்தின் பெயரில் ரசீது வைத்திருப்பவர் அதைக் காட்டி நிறுவனத்திடம் பேசலாம். விற்பனையாளரின் குறுஞ்செய்தியை மட்டும் வைத்திருப்பவருக்கோ அலைச்சல் அதிகம்.